கோஸ்டா ரிகாவுக்கு அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. காடு, பறவை என்றால் உயிர். பத்து நாள் கிடைக்கும். அமைதியான நாடு என்கிறார்கள், எதை விடக்கூடாது?

பதில்: அவசியம் கூட்டிப் போங்க. 1948லேயே ராணுவத்தைக் கலைத்த நாடு. தலைநகர் சான் ஹோசேயில் பழைய படைமுகாம்தான் இன்று தேசிய அருங்காட்சியகம். உள்நாட்டுப் போரில் குண்டு துளைத்த ஓட்டைகள் இன்னும் அதன் சுவரில் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு நாட்டைச் சுற்றினால் மனசுக்கு வேறு மாதிரி இருக்கும்.

என் மனசில் நின்றது டோர்ட்டுகேரோ என்ற கடலோர ஊர். சாலையே கிடையாது, கால்வாய் வழியே படகில்தான் போனேன். ஜூலை முதல் அக்டோபர் வரை பச்சை ஆமைகள் கரையேறும். இரவில் வழிகாட்டியோடுதான் போகணும், போன், கேமரா கூடாது. பின்துடுப்பால் ஈரமணலைக் கிண்ணம் மாதிரி அள்ளி அள்ளி ஒதுக்கியது ஓர் ஆமை. பிறகு வெள்ளை வெளேரென்று முட்டைகள். நாங்கள் யாருமே பேசவில்லை. அம்மாவுக்கு இதைக் காட்டுங்க.

வேறொருவர்: மான்டெவெர்டேயை விட்டுடாதீங்க, கெட்சால் பறவை அங்கே உண்டு. மேகம் மூடிய மலைக்காடு, குளிரும். அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. மானுவேல் அன்டோனியோ தேசியப் பூங்காவுக்கும் போவதாக இருந்தால், அங்கே செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கேட்டவர்: ரொம்ப நன்றிங்க. படகில் ஏறி இறங்க வயதானவர்களுக்குச் சிரமமா?

பதில்: கை கொடுத்து ஏற்றிவிடுவாங்க. மழைக்கோட்டு மட்டும் மறக்காதீங்க, அங்கே எந்த மாதமும் மழைதான்.