கோல்ஃப் பந்தய விகிதங்களை நிகழ்தகவாக மாற்றுவதில் உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தக்கலை அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். நிகழ்தகவுப் பாடத்தில் சாதக, பாதக விகிதங்களை விளக்குவதற்காக, பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியின் வீரர்களுக்குப் பந்தய நிறுவனங்கள் தரும் விகிதங்களை எடுத்துக்கொண்டேன். (பந்தயம் கட்டுவதற்காக அல்ல; மாணவர்களிடமும் இதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.)

ஒருவருக்கு 4/1 (பாதகம் நான்குக்குச் சாதகம் ஒன்று) என்றால் வெல்லும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று, அதாவது 20 விழுக்காடு என்று கரும்பலகையில் எழுதியதும், குளச்சலிலிருந்து வரும் மாணவி ஒருத்தி பட்டியலில் இருந்த அத்தனை பேரின் விழுக்காட்டையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டிப் பார்த்து, "நூறைத் தாண்டுதே சார்" என்றாள். மிகையாக வருவது நிறுவனத்தின் இலாபப் பங்கு என்று விளக்கினேன். ஆனால் அதைக் கழிக்க எல்லாருடைய விழுக்காட்டையும் ஒரே வீதத்தில் குறைப்பது சரியா என்ற இடத்தில் நானே நின்றுவிட்டேன். ஸ்காட்டி ஷெஃப்லர் போன்ற முன்னணி வீரருக்கும், 2003இல் உலகத் தரவரிசையில் 396ஆம் இடத்திலிருந்து வந்து வென்ற பென் கர்டிஸ் போன்றவருக்கும் ஒரே கழிவு பொருந்தும் என எனக்குத் தோன்றவில்லை. வாய்ப்பு குறைந்தவர்களின் விகிதத்தில்தான் மிகை கூடுதலாக ஒளிந்திருக்கும் என்று கருதுகிறேன். 156 பேர் ஆடும் களத்தில் அந்தச் சிறு மிகைகள் சேர்ந்தால் கணக்கே மாறிவிடும்.

புள்ளியியல் அறிந்தவர்கள், பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குப் புரியும் எளிய திருத்த முறை ஒன்றைச் சொல்லித்தர வேண்டுகிறேன். முந்தைய ஆண்டுகளின் விகிதப் பட்டியலை வைத்திருப்பவர்கள் பகிர்ந்தால், வெள்ளிக்கிழமை வகுப்பில் அந்த மாணவிக்குச் சரியான விடை சொல்லிவிடுவேன்.