பூச்சில்லாத ஆட்டுத்தோல் சட்டை: நிறம் மாறுவது கெடுதலா? எப்படிப் பேணுவது?

கேள்வி (சென்னை வாசகர்)

அனைவருக்கும் வணக்கம். மரப்பட்டையால் பதனிட்ட, மேலே வண்ணப்பூச்சு எதுவும் ஏற்றாத ஆட்டுத்தோலில் தைத்த முழுக்கைச் சட்டை ஒன்றை வைத்திருக்கிறேன். மெல்லிய தோல் என்பதால் மார்கழி, தை மாத மாலைகளிலும், ஊட்டி, பெங்களூர் போன்ற ஊர்களுக்குச் செல்லும்போதும் விரும்பி அணிகிறேன். வாங்கியபோது வெளிர் சந்தன நிறத்தில் இருந்தது. இப்போது தோள்பட்டையும் கைகளின் வெளிப்புறமும் செம்பழுப்பாக மாறியுள்ளன. கழுத்துப்பட்டியின் உட்புறமோ அதைவிடக் கறுத்து, தொட்டால் விறைப்பாக இருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு அலமாரியிலிருந்து எடுத்தபோது மார்புப் பகுதியில் வெண்மையாக ஏதோ படர்ந்திருந்தது.

இவற்றில் எது இயல்பான முதிர்ச்சி, எது பழுது என்பதை எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார்கள். கடைக்காரர் சேணத்துக்குப் போடும் சோப்பால் துடைக்கச் சொல்கிறார். அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1 (இராணிப்பேட்டை, தோல் பதனிடும் தொழிலில் இருப்பவர்)

ஐயா, உங்கள் சட்டையில் நிகழ்ந்திருப்பவை மூன்று வெவ்வேறு மாற்றங்கள். தோளும் கையும் சிவந்தது வெயிலால். நம் பகுதியில் நெடுங்காலமாக ஆவாரம்பட்டையைக் கொண்டு ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பதனிட்டு வந்திருக்கிறார்கள். ஆவாரம், வேலம் போன்ற பட்டைகளில் உள்ள துவர்ப்புப் பொருள் ஒளி படப்படச் சிவக்கும் இயல்புடையது. இதைத் தணிப்பதற்காகவே பழைய தொழிலாளர்கள் பட்டைத் தொட்டியிலிருந்து எடுத்த தோலைக் கடுக்காய்க் கரைசலில் ஊறவைத்தார்கள். கடுக்காயின் துவர்ப்பு ஒளிக்கு அவ்வளவு எளிதில் நிறம் மாறுவதில்லை. பூச்சில்லாத தோலை ஒருவர் விரும்பி வாங்குவதே இந்த மாற்றத்துக்காகத்தான் என்பது என் கருத்து. குரோம் உப்பால் பதனிட்டு, மேலே வண்ணம் அடைத்த தோல் வாங்கிய நாளில் இருந்தபடியே நெடுநாள் இருக்கும். பிறகு அந்தப் பூச்சு வெடித்து உரியும். உங்கள் சட்டைக்கு உரிப்பதற்குப் பூச்சே இல்லை.

கழுத்துப்பட்டியின் கதை வேறு. அங்கே ஊறியிருப்பது வியர்வை. அது உடலிலிருந்து வரும்போது சற்றே அமிலத்தன்மை உடையது. தோலில் தங்கியபின் அதிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைப்பதால் அம்மோனியா உண்டாகிக் காரமாகிறது. தாவரப் பதன் பெற்ற தோல், அதாவது உங்களுடையதைப் போல் பட்டையால் பதனிட்ட தோல், அமிலத்தன்மை உடையதாகையால், காரம் பட்ட இடத்தில் துவர்ப்புப் பொருள் கறுக்கிறது, சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறவும் செய்கிறது. போதாக்குறைக்கு வியர்வை உப்பும் உள்ளே படிந்து தோலை விறைக்க வைக்கிறது. இதை முதிர்ச்சி என்று சொல்ல மாட்டேன். தொடக்கநிலைப் பழுது என்றே கொள்ளுங்கள். சேணச் சோப்பை நான் மறுப்பதும் இதே காரணத்தால்தான்: அவற்றில் பல காரத்தன்மை உடையவை. சேணம் தடித்த மாட்டுத்தோல், அது தாங்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆட்டுத்தோல் சட்டைக்கு அது தேவையில்லை.

வெண்படலத்தைப் பொறுத்தவரை, முதலில் அது பூஞ்சையா கொழுப்பா என்று பாருங்கள். குளிர்ந்த நேரத்தில் தோலுக்குள் இருக்கும் கொழுப்பு மேலே வந்து வெண்மையாக உறைவதுண்டு. விரலால் அழுத்திச் சூடேற்றினால் அது கரைந்து மறையும், மணம் இராது. பூஞ்சை சூட்டில் மறையாது, திட்டுத்திட்டாக இருக்கும், ஈரச் சுவரின் வாடை அடிக்கும். காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வளரும். சென்னையில் மழைக்காலம் முழுவதும் அப்படித்தான் இருக்கிறது. பூஞ்சையாக இருந்தால் வீட்டுக்கு வெளியே எடுத்துச் சென்று மென்தூரிகையால் தட்டிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் நீரும் சம அளவு கலந்த கரைசலில் நனைத்து நன்கு பிழிந்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். முதலில் மடிப்பின் உட்புறத்தில் சோதித்துப் பார்ப்பது கட்டாயம், ஏனெனில் சாயம் ஏற்றிய தோலாக இருந்தால் நிறம் இறங்கக்கூடும். பிறகு நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். வெயிலிலோ ஹேர் டிரையர் காற்றிலோ உலர்த்தாதீர்கள். தாவரப் பதன் தோல் ஈரமாக இருக்கையில் ஏறத்தாழ 75 முதல் 85 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே சுருங்கத் தொடங்கிவிடும், அந்தச் சுருக்கத்தை யாராலும் நீட்ட முடியாது.

மறுமொழி 2 (பெரியமேடு, தோல் ஆடை தைப்பவர்)

மேலே எழுதிய அண்ணன் சொன்னவற்றை முழுமையாக ஏற்கிறேன். எண்ணெயைப் பற்றி மட்டும் நான் சேர்க்க வேண்டும், ஏனென்றால் எங்களிடம் பழுதுபார்க்க வரும் சட்டைகளில் பெரும்பகுதி எண்ணெய் அதிகமானவைதான். ஆடைத் தோலுக்குப் பதனிடும்போதே போதிய கொழுப்பை ஏற்றிவிடுகிறார்கள். மேலும் எண்ணெய் தடவினால் அது தளர்ந்து தொங்கும், கறுக்கும், உள்ளே போடும் பனியனில் கறை ஏற்றும், தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்குமாதலால் ஊட்டிக் குளிரில் அதுவே வெண்படலமாக வந்து உங்களை மீண்டும் குழப்பும். ஆண்டுக்கு ஒருமுறை, வறண்ட பகுதியில் மட்டும், தோல் ஆடைக்கென விற்கும் கிரீமை உள்ளங்கையில் சூடேற்றி மிக மெல்லியதாகத் தடவினால் போதுமானது.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. இரும்புக் கம்பி ஹேங்கரில் இந்தச் சட்டையை ஒருபோதும் தொங்கவிடாதீர்கள். துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் நீலக்கறுப்புக் கறை விழும். பழைய காலத்து எழுதும் மை இந்த வழியில்தான் செய்யப்பட்டது. தோள் அகலமுள்ள மர ஹேங்கரில் மாட்டி, பருத்தித் துணி உறை போட்டு வையுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம். மழைக்காலத்தில் அலமாரிக் கதவை அவ்வப்போது திறந்துவிடுங்கள். வழக்கமான டிரை கிளீனிங்குக்கும் அனுப்பாதீர்கள்: அதன் கரைப்பான் தோலின் கொழுப்பை எடுத்துவிடும், திரும்பக் கொழுப்பேற்றத் தெரிந்தவரிடம் கொடுத்தால் மட்டுமே சட்டை பிழைக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மார்பில் இருந்தது பூஞ்சைதான், வாடை இருக்கிறது. கழுத்துப்பட்டியின் கறுப்பை நீக்க வழி உண்டா?

மறுமொழி 2 எழுதியவர்

கறுப்பு போகாது, தம்பி. விறைப்பைக் குறைக்கலாம்: சுத்தமான நீரில் நனைத்து, நீர் சொட்டாதபடி பிழிந்த பருத்தித் துணியால் பட்டியின் முழு அகலத்தையும் ஒரே சீராக ஒற்றி எடுங்கள். நடுவில் மட்டும் நனைத்தால் ஓரத்தில் கறைக்கோடு விழும். பாதி உலர்ந்ததும் விரல்களால் முன்னும் பின்னும் மடித்துக் கசக்கிக் கொடுத்து, முழுவதும் உலர்ந்தபின் கிரீமைத் தடவுங்கள். அதற்குப் பிறகும் விறைப்பாகவே இருந்தால் பட்டியின் உட்புறத்தைப் பிரித்துப் பருத்தித் துணி வைத்துத் தைத்துவிடலாம். வெளித்தோலைத் தொட வேண்டியதில்லை. தைப்பவரிடம் பழைய ஊசித் துளைகளிலேயே தைக்கச் சொல்லுங்கள், தோலில் விழுந்த துளை மூடாது.