ஏற்காட்டு வேலை விளம்பரத் தளம்: சட்ட விளக்கம் தேவை

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டு விடுதிகளுக்கு ஆள் தேடித் தரும் சிறிய விளம்பரத் தளம் ஒன்றைச் சேலத்திலிருந்து நடத்தி வருகிறேன். சென்ற வாரம், "பெண்கள் மட்டும், தங்குமிடம் இலவசம், முன்பணம் உண்டு" என்று, விடுதியின் பெயரே இல்லாமல் ஒரு விளம்பரம் வந்தது. பாலியல் தொழிலுக்கு ஆள் கடத்தும் வலையாக இருக்குமோ என்று அஞ்சி நீக்கிவிட்டேன். அதற்குள் எந்தப் பெண்ணாவது அந்த எண்ணை அழைத்திருப்பாளோ என்ற கவலை நீங்கவில்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, உரிய கவனத்துடன் நடக்கும் இடைநிலையாளருக்கு, அதாவது பிறர் தரும் தகவலை வெளியிடும் தளத்தாருக்கு, அந்தத் தகவலுக்கான சட்டப் பொறுப்பிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ கிடைத்த பிறகே அவர் தம் தளத்தில் சட்டவிரோதத் தகவல் இருப்பதை 'அறிந்தவர்' ஆவார் என்று 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அமெரிக்காவிலோ 2018ஆம் ஆண்டுச் சட்டம், பாலியல் கடத்தல் விஷயத்தில் தளங்களுக்கு இருந்த பாதுகாப்பைக் குறைத்துவிட்டது.

ஒவ்வொரு விளம்பரத்தையும் நானே படித்துத் தேர்ந்தெடுத்து வெளியிட்டால் 79ஆம் பிரிவின் பாதுகாப்பை இழப்பேனா? நீக்கிய விளம்பரத்தின் விவரங்களைக் காவல்துறையிடம் எந்த முறையில் ஒப்படைக்க வேண்டும்? இத்தகைய வழக்குகளை நடத்திய வழக்கறிஞர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.