மறுமொழி: ‘லெஃப்ட் திரெட்’ – இடம்புரி வேண்டாம், இடஞ்சுழி என்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

யாருக்கு எந்த மரை அளவு (போல்ட்டிலும் நட்டிலும் சுருளாக ஓடும் ‘திரெட்’டின் அளவு) பிடிக்கும் என்று தொடங்கிய பேச்சு கலைச்சொல்லில் வந்து நிற்பதில் எனக்கு மகிழ்ச்சி. என் விருப்பத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: மூன்று நூல், அதாவது 3/8 அங்குல, விட்வொர்த். அங்குலத்துக்கு 16 சுற்று, 55 பாகைக் கோணம், முகடும் பள்ளமும் உருண்டவை. ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த வடிவம் அது. கெயின்ஸ்பரோவின் மார்ஷல் தேயிலை உருட்டு எந்திரமும் பெல்ஃபாஸ்டின் சிராக்கோ தேயிலை உலர்த்தியும் ஓடிய நீலகிரி மலை இது. பழைய தேயிலை எந்திரங்களைக் கவனித்துக்கொள்ளும் பட்டறைக்காரர்கள் விட்வொர்த் மரை வெட்டும் டேப்பையும் டையையும் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஈரக் காற்றில் துரு ஏறினாலும், முரட்டுக் கை முறுக்கினாலும் அந்த மரை எளிதில் போகாது. ‘எட்டு எம்எம்முக்கு ஒன்றேகால்’ (8 மி.மீ. போல்ட், சுற்றுக்குச் சுற்று 1.25 மி.மீ. இடைவெளி) என்று வாக்களித்த கோத்தகிரி நண்பருக்கும் ஒரு வார்த்தை: கடையில் கேட்டவுடன் கிடைப்பதில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் பிடித்தது எது என்றுதானே கேட்டீர்கள்?

இனி, தோட்ட எந்திரங்களை இயக்குவோருக்காக நாம் எழுதும் கையேட்டின் சொற்கள்.

மரையா, புரியா என்ற கேள்விக்கு இரண்டும் வேண்டும் என்பதே என் விடை. லேத் பட்டறையில் ‘மரை வெட்டு’, ‘மரை போய்விட்டது’ என்றுதான் பேச்சு. எனவே முழு வடிவத்துக்கு மரை. அது சுற்றிவரும் ஒவ்வொரு சுற்றும் புரி. பள்ளியில் திருகு அளவியைத் தொட்ட எவருக்கும் புரியிடைத் தூரம் தெரியும். மெட்ரிக் மரையை அந்த இடைவெளியால் அளக்கிறோம். அங்குல மரையை ஓர் அங்குலத்தில் எத்தனை புரி என்று எண்ணுகிறோம். ஒன்று தூரம், மற்றொன்று எண்ணிக்கை. ஆகவே புரியிடை, புரியெண் என இரண்டு சொற்கள். இவற்றை ஒன்றாகக் குழப்பினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள அரை அங்குல போல்ட் போதும். விட்வொர்த்தில் அதன் புரியெண் 12, அமெரிக்க மரபில் 13. ஒரு மரபின் போல்ட்டில் மற்றதன் நட்டு இரண்டு சுற்று இனிமையாக ஏறும், பிறகு இறுகும். துரு என்று நினைத்து ஸ்பானரைப் பெரிதாக்கினால் மரை போய்விடும். கால் அங்குலத்தில் இரண்டு மரபிலும் 20 என்பதால் கோணம் வேறாக இருந்தும் ஒன்றில் மற்றொன்று ஏறிவிடுகிறது. இந்தச் சொற்களில் யாருக்கும் பெரிய மறுப்பு இராது என்று நினைக்கிறேன்.

மறுப்பு வரப்போவது அடுத்ததில்: சாதாரண வலது மரைக்கு மாறாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் இறுகும் இடது மரைக்கு, அதாவது ‘லெஃப்ட் திரெட்’டுக்கு, என்ன பெயர்? உதகை நண்பர் எழுதியது:

> சங்குக்கு வலம்புரி, இடம்புரி என்று நம்மிடமே சொல் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்? வலது மரை வலம்புரி, இடது மரை இடம்புரி. அழகாகவும் இருக்கிறது.

அழகாகத்தான் இருக்கிறது. எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு சங்கையும் ஒரு போல்ட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

சாதாரண போல்ட்டை நிமிர்த்திப் பிடித்தால் முன்பக்கம் தெரியும் மரைக்கோடுகள் இடமிருந்து வலமாக மேலேறும். போல்ட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் அப்படியேதான் ஏறும். பிடிக்கும் விதத்தால் சுருளின் போக்கு மாறாது. இப்போது பூசைக்கு ஊதும் சாதாரணச் சங்கு. அதன் சுருள்கூம்பு மேலேயும் வாய் நம் பக்கமும் இருக்கும்படி பிடித்தால் வாய் வலப்பக்கம் இருக்கும். சுருள் அந்த போல்ட்டின் மரையைப் போலவே வலமாக ஏறும். உயிரியலார் இதை வலச்சுருள் என்றே வகைப்படுத்துகிறார்கள். வழிபாட்டு மரபில் சங்கை ஒடுங்கிய முனை மேலே இருக்கும்படி பார்க்கிறார்கள். அப்போது வாய் இடப்பக்கம் விழுகிறது. மரபுப் பெயரும் இடம்புரி. அரிதாகக் கிடைக்கும் வலம்புரிதான் உயிரியலில் இடச்சுருள்.

அதாவது நாம் அன்றாடம் முறுக்கும் வலது மரை, சங்கின் கணக்கில் இடம்புரி. இடது மரையோ வலம்புரி! இடது மரைக்கு இடம்புரி என்று பெயரிட்டால் சங்கையும் மரையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முதல் மாணவரே நம்மைப் பிடித்துவிடுவார். சங்கின் பெயரை மாற்றும் உரிமை நமக்கு இல்லை. அதற்கு முரணாக மரைக்குப் பெயரிடவும் கூடாது.

‘எதிர்மரை’ என்று வேறொருவர் சொன்னார். சுருக்கமான சொல். ஆனால் போல்ட்டின் மரைக்கு எதிரே நட்டின் உள்மரை இருக்கிறதே, அதைத்தான் பலர் எதிர்மரை என்று புரிந்துகொள்வார்கள்.

என் முன்மொழிவு இடஞ்சுழி மரை, வலஞ்சுழி மரை. கடிகார முள் போகும் திசை வலஞ்சுழி, அதற்கு எதிர்த்திசை இடஞ்சுழி என்று நம் பாடநூல்கள் ஏற்கெனவே கற்றுத்தருகின்றன. எந்தப் பக்கமாகச் சுழற்றினால் இறுகுமோ அதுவே மரையின் பெயர். ‘எங்கிருந்து பார்த்தால்?’ என்று கேட்பீர்கள். ஸ்பானர் பிடித்தவர் நிற்கும் பக்கத்திலிருந்துதான். மரையை முறுக்குபவருக்கு வேறு பக்கம் தேவைப்படுவதில்லை. சங்கின் பெயர் சுருளின் தோற்றத்தைப் பற்றியது, இந்தப் பெயர் கையின் வேலையைப் பற்றியது. இரண்டும் மோத வாய்ப்பில்லை.

நம் வாசகருக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், புல்வெட்டும் எந்திரத்தின் அலகை இறுக்கும் நட்டு பெரும்பாலும் இடது மரை. இங்குள்ள ஒரு தோட்டத்தில் புதிதாக வந்த இளைஞர் அதைக் கழற்ற வழக்கம்போல் இடஞ்சுழியாகத் திருப்பினார். அசையவில்லை. ஸ்பானரின் பிடியில் ஒரு குழாயைச் செருகி இன்னும் அழுத்தினார், தண்டு முறிந்துவிட்டது. கையேடு பெட்டிக்குள்ளேயே இருந்தது, ஆங்கிலத்தில். ‘இது இடஞ்சுழி மரை: இடஞ்சுழியாக இறுகும், வலஞ்சுழியாகக் கழலும்’ என்று ஒரு வரி தமிழில் இருந்திருந்தால் அந்த எந்திரம் பிழைத்திருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கை தெரிந்ததைச் செய்தது, தெரியாததை அவருக்குச் சொல்வது நம் வேலை.

இடது மரை எங்கெல்லாம் வருகிறது என்ற பட்டியலும் அதே பக்கத்தில் வரட்டும். சைக்கிளின் இடது பெடல்: வலது பெடலைப் போலவே 9/16 அங்குலம், புரியெண் 20, மரை மட்டும் இடஞ்சுழி. மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. சாணை எந்திரத்தின் இடப்பக்கக் கல்லை இறுக்கும் நட்டுக்கும் காரணம் கிட்டத்தட்ட அதுதான். வெல்டிங் பட்டறையில் காரணம் வேறு, இன்னும் கடுமையானது. அசெட்டிலின் இணைப்புகளுக்கு இடது மரை, ஆக்சிஜனுக்கு வலது மரை; ஒன்றை மற்றொன்றில் மாட்டவே முடியாதபடி செய்திருக்கிறார்கள். அசெட்டிலின் நட்டின் விளிம்பில் வெட்டுக்குறி இருக்கும், கண்ணால் பார்த்தே அறியலாம். அந்தக் குறியின் படத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஏறாத நட்டை யாரும் அங்கே வலிந்து முறுக்கக் கூடாது.

கேரட் வயல்களுக்குப் பக்கத்தில் பசுமைக்குடில் கட்டும் நண்பர் கேட்ட சொல் ஒன்று பாக்கி இருக்கிறது. கம்பியை விறைப்பாக இழுக்கும் ‘டர்ன்பக்கிள்’. அதன் உடலின் ஒரு முனையில் இடஞ்சுழி மரை, மறுமுனையில் வலஞ்சுழி மரை. நடு உடலை ஒரு பக்கமாகத் திருப்பினால் இரண்டு முனைகளும் உள்நோக்கி வரும். மேலே சொன்ன இரண்டு சொற்களையும் ஏற்றுக்கொண்டால் இதற்கு இருசுழி விறைப்பி என்ற பெயர் தானாக அமைகிறது. ‘இருசுழி முறுக்கி’ என்றும் யோசித்தேன். முறுக்குவது நாம், விறைப்பது அது என்பதால் முன்னதையே விரும்புகிறேன். உதகை நண்பரின் கருத்தை முதலில் எதிர்பார்க்கிறேன். அவர் சம்மதித்தால் மரைப் பகுதியை இந்தச் சொற்களோடு திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து