சலமிஸ்: தெமிஸ்டோக்ளிஸ் ஜெயித்தாரா, செர்க்சஸ் கோட்டை விட்டாரா?

நெய்தல்:
கி.மு. 480-ல் ஏதென்ஸ் பக்கத்து சலமிஸ் தீவருகே கிரேக்கர்கள் பாரசீகர்களைத் தோற்கடித்த கடற்போர் என்றாலே எல்லோரும் ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டோக்ளிஸ் புராணம் பாட ஆரம்பித்துவிடுகிறார்கள். அது பாரசீக மன்னர் செர்க்சஸ் விலை கொடுத்து வாங்கிய தோல்வி. ஏதென்ஸ் அவர் கையில், அதன் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸ் எரிந்தாயிற்று, எதிரணியான கிரேக்க நகரங்களுக்குள் குடுமிப்பிடிச் சண்டை. கொரிந்து தளபதி அடெய்மான்டோஸ், ‘ஊரே இல்லாதவனுக்கு என்ன பேச்சு’ என்று தெமிஸ்டோக்ளிஸை வாயடைக்கப் பார்க்கிறார். கொஞ்சம் பொறுத்திருந்தால் கூட்டணி தானாக உடைந்திருக்கும். கடலில் மோத வேண்டாம் என்று செர்க்சஸ் பக்கத்து ராணி ஆர்ட்டெமிசியாவே சொன்னாரே, பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸில் இருக்கிறது.

சுவடி:
பொறுத்திருக்க எங்கே நேரம், நண்பரே? செப்டம்பர் முடியப்போகிறது. ஏற்கெனவே மக்னீசியா கரையில் புயல் 400 கப்பலைத் தின்றுவிட்டது என்று அதே ஹெரோடோட்டஸ்தான் சொல்கிறார். அவ்வளவு பெரிய படைக்குச் சோறும் போட வேண்டும். தெமிஸ்டோக்ளிஸ் தன் அடிமை சிக்கின்னோஸை அனுப்பி, ‘கிரேக்கர்கள் இரவோடு இரவாக ஓடப் பார்க்கிறார்கள்’ என்று சொல்ல வைத்தது சும்மாவா? வழியை அடைக்கிறேன் என்று பாரசீகக் கப்பல்கள் ராத்திரி முழுக்கக் கடலில். மூன்று அடுக்காகத் துடுப்பு போடும் ஒரு மூவரிசைப் போர்க்கப்பலில் துடுப்பு போடுபவர்கள் மட்டும் 170 பேர் இருப்பார்கள், அத்தனை பேரும் கண் மூடாமல் இருந்துவிட்டு விடிந்ததும் அந்தக் குறுகலான நீரிணைக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? முன்னால் போனவன் அடி வாங்கித் திரும்புகிறான், பின்னால் வருபவன் ராஜா மலைமேல் உட்கார்ந்து பார்க்கிறாரே என்று முண்டியடிக்கிறான், தன் கப்பலிலேயே தான் மோதுகிறான்.

நெய்தல்:
ஒரு அடிமை வந்து சொன்னதை நம்பி முழுக் கடற்படையையும் இறக்கியது யார் தப்பு? நான் சொல்வதும் அதைத்தானே.

பின்வரிசை:
ரெண்டு பேரும் சலமிஸோடு எல்லாம் முடிந்த மாதிரியே பேசுகிறீர்கள். பாரசீகத் தளபதி மார்டோனியஸ் தரைப்படையோடு கிரேக்கத்திலேயே தங்கினார், மறு வருடம் ஏதென்ஸை ரெண்டாவது தடவை பிடித்தார். கி.மு. 479 பிளாட்டேயா போரில் ஸ்பார்ட்டாக்காரர்கள் அவரைக் கொன்ற பிறகுதான் உண்மையில் ஆபத்து விலகியது.

சுவடி:
சரி, ஆனால் கடல் கைவிட்டுப் போனதால்தானே மார்டோனியஸ் துணைக்குக் கப்பல் இல்லாமல் நின்றார்? கடற்படை இருந்திருந்தால், கொரிந்துப் பூசந்தியில் கிரேக்கர்கள் வழி மறித்துக் கட்டிய மதில் எதற்கு, பின்பக்கமாகத் தென் கிரேக்கமான பெலொப்பொனேசில் பாரசீகர்கள் போய் இறங்கியிருப்பார்கள். அந்தக் கடலைக் காத்த ஏதென்ஸ் கப்பல்கள் எப்படி வந்தன? ஏதென்ஸ் பக்கத்து லாரியன் சுரங்கத்து வெள்ளியை ஆளுக்குப் பத்து திராக்மா (அந்தக் காலத்து வெள்ளிக் காசு) என்று பங்கு போட இருந்தார்கள். கப்பல் கட்டலாம் என்று தடுத்தது அதே தெமிஸ்டோக்ளிஸ்.

நெய்தல்:
அந்த மேதையை ஏதென்ஸே பிற்பாடு ஊரை விட்டு விரட்டியது. கடைசியில் செர்க்சஸின் மகனிடமே போய் அடைக்கலம் கேட்டார், அதையும் எழுதுங்கள்.

சுவடி:
எழுதலாமே. அப்பாவின் கப்பல்களை மூழ்கடித்தவர் என்று தெரிந்தும் மகன் ஊர்களின் வருமானத்தையே எழுதிக் கொடுத்து வைத்துக்கொண்டான் பாருங்கள், அவனுக்குத் தெரிந்திருக்கிறது ஆளின் மதிப்பு.