ஸ்விஃப்டின் 'எ மாடஸ்ட் புரொபோசல்': அங்கதம் என்று சொன்ன பிறகு என்ன எழுதுவது?

கேள்வி:
ஜோனதன் ஸ்விஃப்ட் 1729-ல் டப்ளினில் பெயர் போடாமல் வெளியிட்ட பிரசுரம் 'எ மாடஸ்ட் புரொபோசல்' (ஓர் அடக்கமான யோசனை). அயர்லாந்து ஏழைகளின் குழந்தைகளை ஒரு வயதில் இறைச்சிக்கு விற்கலாம் என்கிறது. "இது அங்கதம், அவர் சொல்ல வந்தது நேரெதிர்" என்று எழுதியதும் என் கட்டுரை படுத்துவிடுகிறது. மேற்கொண்டு எதைப் பிடிப்பது?

பதில் 1:
'நேரெதிர்' என்பதை முதலில் அடித்துவிடுங்கள். குழந்தையைத் தின்னக்கூடாது என்று சொல்ல யாருக்கும் பிரசுரம் தேவையில்லை. பேசுகிறவர் ஸ்விஃப்ட் அல்ல, அவர் படைத்த ஒரு திட்டக்காரர். அவருடைய கணக்கைத் தனித் தாளில் போட்டுப் பாருங்கள். மக்கள்தொகை 15 லட்சம். பிள்ளை பெறும் மனைவியர் 2 லட்சம். வளர்க்க வசதியுள்ளவர்கள் 30,000, கருச்சிதைவு, ஓராண்டுக்குள் சாவு என்று 50,000. இரண்டும் போக ஆண்டுக்கு 1,20,000 குழந்தைகள். அதில் 20,000 இனப்பெருக்கத்துக்கு. அவற்றில் ஆண் நாலில் ஒரு பங்கு போதும், ஆடு மாடு பன்றிக்கே அவ்வளவு விடுவதில்லையாம்! மீதி ஒரு லட்சம் சந்தைக்கு. வளர்ப்புச் செலவு 2 ஷில்லிங் (20 ஷில்லிங் ஒரு பவுண்டு), விலை 10, தாய்க்கு லாபம் 8.

கூட்டல் கழித்தலில் ஒரு பிழை கிடையாது. அடி விழுவது அங்கேதான். அயர்லாந்து மக்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பண மதிப்புப் போட்ட 17-ஆம் நூற்றாண்டுப் பொருளியலாளர் வில்லியம் பெட்டியின் 'அரசியல் எண்கணிதம்' அப்போது மதிப்புள்ள துறை. அந்த நடையை அப்படியே எடுத்து, ஒரு படி மேலே கொண்டுபோய் நிறுத்துகிறார்.

பதில் 2:
கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். "வேறு வழிகளைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள்" என்று திட்டக்காரர் எரிந்துவிழுந்து ஒரு பட்டியல் தருவார்: ஊரில் இல்லாத நிலக்கிழார்களுக்குப் பவுண்டுக்கு 5 ஷில்லிங் வரி, உள்நாட்டுத் துணியும் தட்டுமுட்டுச் சாமானும் மட்டும் வாங்குவது, குத்தகைதாரர்மேல் கொஞ்சம் இரக்கம். உள்நாட்டுப் பொருளை வாங்கச் சொல்லி ஸ்விஃப்டே 1720-ல் எழுதினார். அச்சிட்டவர்மேல் வழக்குப் பாய்ந்தது. "இங்கே ஸ்விஃப்ட் முகமூடியைக் கழற்றுகிறார்" என்று பலர் எழுதிவிடுவார்கள். கழற்றவில்லை. நல்ல யோசனைகளை முகமூடியின் வாயாலேயே தள்ளுபடி செய்ய வைக்கிறார்.

பழி முழுதும் அயர்லாந்தை ஆண்ட இங்கிலாந்துமேல் என்றும் எழுத வேண்டாம். பெற்றோரில் பெரும்பாலோரை ஏற்கெனவே தின்று தீர்த்த நிலக்கிழார்களுக்குத்தான் பிள்ளைகள்மேல் முதல் உரிமை என்று ஒரு வரி வருகிறதே, அது உள்ளூர்க்காரர்களுக்கு.

பதில் 3:
ஒப்பிட அதே காலத்து ஆங்கில எழுத்தாளர் டானியல் டெஃபோவின் 1702 பிரசுரத்தை எடுங்கள். இங்கிலாந்துத் திருச்சபையோடு ஒத்துப்போகாத கிறித்தவர்களின் போதகர்களைத் தூக்கிலிட வேண்டும், சபையாரை நாடுகடத்த வேண்டும் என்று தீவிரத் திருச்சபைக்காரர் குரலில் எழுதினார். அவர்கள் உண்மையிலேயே ஏறக்குறைய அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் பலர் அதை நிஜமென்றே நம்பினார்கள். விஷயம் வெளிப்பட்டதும் 1703-ல் டெஃபோ மூன்று நாள் பொது இடத்தில் தண்டனைக் கட்டையில் நிற்க வேண்டியதாயிற்று. எதிராளியின் பேச்சுக்கும் நையாண்டிக்கும் இடைவெளி போதாவிட்டால் இதுதான் நடக்கும்.

கேட்டவர்:
அப்படியானால் அந்தத் திட்டக்காரரைக் கொடூரன் என்று எழுதலாமா?

பதில் 1:
வேண்டாம். தெருவில் பிள்ளைகளோடு பிச்சையெடுக்கும் தாய்மாரைப் பார்த்து வருந்தித்தான் தொடங்குகிறார், அந்த வருத்தம் நடிப்பு என்பதற்குப் பிரசுரத்தில் சான்று இல்லை. கடைசி வாக்கியத்தை மேற்கோள் காட்டுங்கள்: இதில் தமக்கு ஒரு காசு லாபமில்லை, கடைசிப் பிள்ளைக்கு ஒன்பது வயது, மனைவி பிள்ளைபெறும் வயதைத் தாண்டிவிட்டாள் என்கிறார். தன்னலமின்மைக்கு அவர் தரும் ஆதாரம் அது. அவர் வீட்டுப் பிள்ளை எதுவும் சந்தைக்குப் போகாது என்பதும் அதிலேயே இருக்கிறது.