பத் கோல்: அசரீரி வேண்டாம், சேய்க்குரல் என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் எபிரேய-தமிழ்ச் சொல்லடைவில் "கோல்" என்பதற்குக் குரல் என்று போடுவதா, ஒலி என்று போடுவதா என்று மூன்று நாளாகப் பேசி வருகிறோம். எனக்கு அதைவிட, அதன் கீழே வரும் "பத் கோல்" என்ற தொடர்தான், அதாவது யூத நூல்களில் வானத்திலிருந்து கேட்கும் குரலின் பெயர்தான், கவலையாக இருக்கிறது. முதலில் கோலை முடித்துவிடுகிறேன்.

> குரல் மனிதருக்கு உரியது. இடிக்கும் எக்காளத்துக்கும் எப்படிப் பொருந்தும்?

ஐயா, நியாயமான கேள்வி. எபிரேயத்தில் ஆள் பேசுவதும் கோல், எக்காளம் முழங்குவதும் கோல். சீனாய் மலையில் இடித்த இடிக்கு அதன் பன்மையான "கோலோத்" வருகிறது. ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும் கேட்ட கடவுளின் கோல் பேச்சா, நடக்கிற ஓசையா என்று இரண்டு விதமாகவும் பொருள் கொள்கிறார்கள். நம் பழைய வேதாகமம் பெரும்பாலும் "சத்தம்" என்றே சொல்லிவிடும். பார்வை மங்கிய ஈசாக்கு, அண்ணன் ஏசாவைப்போல் வேடமிட்டு வந்த மகன் யாக்கோபைத் தடவிப் பார்த்து, "சத்தம் யாக்கோபின் சத்தம், கைகளோ ஏசாவின் கைகள்" என்கிறார். ஆலயத்தில் கேட்டு வளர்ந்த காதுக்கு இது உறுத்தாது. மற்றவர்களுக்குச் சத்தம் என்றால் இரைச்சல்தான். அந்தக் கிழவர் பிடித்துக்கொண்டது ஆளைக் காட்டிக்கொடுக்கும் குரலை அல்லவா?

குரல் மனிதருக்கு மட்டும் என்பது இன்றைய வழக்கு. புறநானூற்றில் முரசுக்கே குரல் உண்டு, "இமிழ்குரல் முரசம்" என்று. ஏழிசையில் முதல் சுரத்தின் பெயரும் குரல். ஆகவே தலைச்சொல்லுக்குக் குரல் என்றே போடலாம். இடி வரும் இடங்களில் முழக்கம் என்று தனியாகக் குறித்தால் போதும்.

கோலும் குரலும் ஒன்றுபோல ஒலிப்பதை வைத்து உறவு கொண்டாட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கோலின் உண்மையான உறவினர்கள், அரமேயத்தில் குரலைக் குறிக்கும் "காலா"வும் அரபியில் "சொன்னான்" என்று பொருள்படும் "காலா"வும்தான்.

சரி, பத் கோல். பத் என்றால் மகள். நேர்பொருள் "குரலின் மகள்". இந்த மகளை அப்படியே மகளாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. புலம்பல் 2:18இல் கருவிழியைக் "கண்ணின் மகள்" என்றுதான் எபிரேயம் சொல்கிறது. நாமும் கண்ணுக்குள் இருப்பதைப் பாவை என்கிறோமே, அதுபோல. ஒன்றிலிருந்து பிறந்த சிறியது என்பதே கருத்து. ரபிகள் எனப்படும் யூத வேத அறிஞர்களின் நூல்களில் எதிரொலியையும் பத் கோல் என்பார்கள். வானத்திலிருந்து கேட்கும் குரலுக்கும் இதே பெயர். ஆகாய், சகரியா, மல்கியா ஆகிய கடைசித் தீர்க்கதரிசிகள் இறந்தபின் பரிசுத்த ஆவி இஸ்ரவேலை விட்டு நீங்கியது, ஆனாலும் பத் கோல் கேட்டுவந்தது என்கிறது யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத். தீர்க்கதரிசனத்துக்கு ஒரு படி கீழே நிற்கிற குரல் அது.

> நம்மிடம் அசரீரி இருக்கிறதே. புதுச்சொல் எதற்கு?

நானும் முதலில் அசரீரி என்றுதான் குறித்து வைத்திருந்தேன். தல்மூதின் ஒரு பகுதியான பாபா மெத்சியாவில் 59ஆம் ஏட்டில் வரும் அடுப்புக் கதையைப் படித்ததும் அடித்துவிட்டேன். துண்டு துண்டாக வெட்டி இடையில் மணல் இட்ட அடுப்பு தீட்டுப்படுமா, படாதா என்று வழக்கு. ரபி எலியேசர் ஒரு பக்கம், மற்ற எல்லாரும் எதிர்ப்பக்கம். எலியேசருக்குச் சாட்சியாகக் கரோப் மரம் நூறு முழம் தள்ளிப் போய் நிற்கிறது. வாய்க்கால் நீர் பின்னோக்கி ஓடுகிறது. பாடசாலைச் சுவர் சாய்கிறது. யாரும் மசியவில்லை. கடைசியில் பத் கோல், "சட்டம் எப்போதும் எலியேசர் சொல்கிறபடிதான்" என்கிறது. உடனே ரபி யோசுவா எழுந்து நின்று, வேதக் கட்டளையைப் பற்றிய உபாகம வசனத்தையே திருப்பிச் சொல்கிறார்: "அது வானத்தில் இல்லை." பெரும்பான்மை முடிவே நிற்கிறது.

இப்போது கம்சனை நினைத்துப் பாருங்கள். தேரோட்டிப் போகிறபோது, தேவகியின் எட்டாவது பிள்ளை உன்னைக் கொல்லும் என்று அசரீரி சொல்கிறது. வாளை உருவினானே தவிர, சொன்னது சரியா என்று அவன் கேட்கவில்லை. அசரீரியோடு யாரும் வழக்காட முடியாது. பத் கோலோடு வழக்காடலாம், வழக்காடி வெல்லவும் செய்யலாம். அங்கே அசரீரி என்று மொழிபெயர்த்தால் யோசுவாவின் துணிச்சல் வெறும் தெய்வ நிந்தனையாகிவிடும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"வானொலி" நேர்பொருளில் அழகாகவே இருந்திருக்கும். ரேடியோ எடுத்துக்கொண்டுவிட்டது.

என் பரிந்துரை, சேய்க்குரல். சேய் என்றால் பிள்ளை. சேய்மை என்பதிலோ அதே சேய் தொலைவைக் குறிக்கிறது. குரலுக்குப் பிறந்த குரல், தொலைவிலிருந்து வரும் குரல் என்று இரண்டு பொருளும் ஒரே சொல்லில் விழுகின்றன. குழந்தையின் குரல் என்று படித்துவிடுவார்களே என்று அம்மா ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். தனியே பார்த்தால் அப்படித் தோன்றும்தான். "அப்போது ஒரு சேய்க்குரல் புறப்பட்டது" என்று வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள், முதல்முறை மட்டும் ஓர் அடிக்குறிப்பு போதும். எபிரேயர்களும் இப்படித் துணிந்தவர்கள்தான். பேசாப் படத்துக்கு "ரெயினோவா" என்று வைத்திருந்தவர்கள், படம் பேச ஆரம்பித்ததும் கோலைச் சேர்த்துக் "கோல்நோவா" என்றார்கள். அப்புறம் அதுவே சினிமாவுக்குப் பொதுப்பெயர் ஆகிவிட்டது.

இன்னொன்று விடுபட்டுப் போயிருக்கிறது. இக்கால எபிரேயத்தில் கோல் என்றால் தேர்தலில் போடும் ஓட்டும்தான். நம் "வாக்கு"ம் பேச்சிலிருந்து வந்ததே, அதனால் அந்தப் பொருளுக்கு வாக்கு என்றே சேர்த்துவிடலாம். சேய்க்குரலுக்கு மறுப்பு இருந்தால், பதிவை அச்சுக்கு அனுப்பும் முன் இந்த இழையிலேயே எழுதுங்கள்.